பள்ளி விட்டு வந்த பிறகு

நாலேகாலுக்கோ நாலரைக்கோ பள்ளி மணி அடிக்கிறது. டவுன் பஸ்ஸோ, வேனோ, சைக்கிளோ, பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கும்போது ஐந்து மணி தாண்டிவிடும். இரவு பத்துக்குள் படுக்கை விரித்தாக வேண்டும். நடுவில் கிடக்கும் இந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். எந்த ஆசிரியர் வருவார், எந்தப் பாடத்திட்டம், வகுப்பில் பக்கத்தில் யார் என்பதெல்லாம் நாம் முடிவு செய்வதில்லை. மாலையில் பிள்ளை என்ன சாப்பிடுகிறது, யாரிடம் பேசுகிறது, எப்படிப் படிக்கிறது, எப்போது தூங்குகிறது என்பவற்றில் நமக்கு நேரடியான பங்கு உண்டு. ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதில் பாதி பொருந்தும்.

பெற்றோர் பலர் கேட்கும் முதல் கேள்வி, “எப்படிப் படிக்க வைப்பது?” என்பதே. என் பதில் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் தொடங்கும். பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எந்தப் படிப்பு முறையும் உதவாது.

வந்ததும் கேள்வி வேண்டாம்

எட்டு பீரியட், நாற்பது ஐம்பது பேர் அடைந்த வகுப்பறை, மின்விசிறி எட்டாத கடைசி பெஞ்சு, மதியம் ஆறிப்போன சோறு. காலையிலிருந்து பிள்ளை தன்னை அடக்கிக்கொண்டே இருந்துவிட்டு வருகிறது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், “டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்களா?” என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் “இல்ல” என்பதுதான். பேப்பர் பைக்குள்ளேயே இருக்கும். பல வீடுகளில் பிள்ளை சொல்லும் முதல் பொய் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. பொய் சொல்லும் சுபாவம் அந்தப் பிள்ளைக்கு இருந்ததில்லை; அந்த நேரத்தில் உண்மையைத் தாங்கும் தெம்பு அதற்கில்லை, அவ்வளவுதான்.

முதல் அரை மணி நேரத்துக்கு மார்க், ஹோம்வொர்க், புகார் எதையும் எடுக்காதீர்கள். முகம் கழுவட்டும், சாப்பிடட்டும், கொஞ்ச நேரம் சும்மா கிடக்கட்டும். எதிர்வீட்டுப் பையன்களோடு விளையாடப் போவதானால் போகட்டும். இருவரும் வேலைக்குப் போகிற வீடாக இருந்து, பிள்ளை தானே பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறதென்றால், அந்த நேரத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். “வந்துட்டியா? தூக்குல சுண்டல் இருக்கு, சாப்டு” என்பதோடு வைத்துவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வரும் அந்த அழைப்பு, வீட்டில் ஆளில்லாத குறையைப் பெருமளவு ஈடுசெய்யும்.

டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும்

பிள்ளை வாய் திறந்து சொல்லாத சில செய்திகளைப் பை சொல்லிவிடும். டிபன் பாக்ஸ் பல நாள் பாதியோடு திரும்பினால் சாப்பாடு பிடிக்கவில்லை என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். மதிய இடைவேளையில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்திருக்கலாம். கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லாமல் போயிருக்கலாம். “யாரோட உக்காந்து சாப்ட்ட?” என்று கேட்டுப் பாருங்கள். சென்ற மாதம் வரை வந்துகொண்டிருந்த பெயர்கள் இப்போது வரவில்லை என்றால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

தண்ணீர் பாட்டிலை இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்வேன், முக்கியமாகப் பெண் பிள்ளைகள் வீட்டில். காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் மாலையில் நிறைந்தபடியே வருகிறதென்றால், அந்தப் பெண் பள்ளியில் கழிப்பறைக்குப் போகப் பயப்படுகிறாள் என்று பொருள் கொள்ளலாம். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வரவில்லை, நாற்றம், நாப்கினைப் போட இடமில்லை என்று காரணம் எதுவாகவும் இருக்கும். குடிக்காமலே இருந்தால் போகவும் வேண்டியிராது என்று பிள்ளைகள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதன் விளைவு மாலைத் தலைவலி, மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று. “ஏன்டி தண்ணி குடிக்கல?” என்று அதட்டினால் மறுநாள் வரும் வழியில் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு வருவாள். “பாத்ரூம் எப்படி இருக்கு? தாழ்ப்பா போட முடியுதா?” என்று கேளுங்கள்.

பதில் கிடைத்தபின் அதை வீட்டோடு வைத்துக்கொள்ளாதீர்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் அந்தக் குழுவில் பேச வேண்டிய விஷயம். தனியார் பள்ளியானால் நான்கு அம்மாக்கள் சேர்ந்து போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். ஒருவர் தனியாகப் போனால் அந்தப் பிள்ளையின் பெயர் அடிபடும்.

என்ன கொடுப்பது

அவித்த வேர்க்கடலை, சுண்டல், முட்டை, கேழ்வரகுப் புட்டு, தயிரில் நனைத்த அவல், வாழைப்பழம், கடலை மிட்டாய். செலவு குறைவு, வயிறு நிறையும். பேக்கரி பப்ஸும் பாக்கெட் சிப்ஸும் எப்போதாவது இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றைத் தடைசெய்து சண்டை போடுவதைவிட, பிள்ளை வரும் நேரத்தில் வேறொன்று கைக்கெட்டும் இடத்தில் இருந்தாலே போதும்.

ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளிடம் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். அதுவரை பள்ளியில் சுடச்சுடப் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுவந்த பிள்ளை, ஆறாம் வகுப்பில் திடீரென்று வெறும் வயிற்றோடு முதல் பீரியடில் உட்காரத் தொடங்குகிறது. அந்த ஜூன் மாதத்திலிருந்து வீட்டுக் காலை நேரத்தை மாற்றி அமைத்தாக வேண்டும். முந்தின நாள் சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்து கொடுத்தாலும் சரியே.

இன்னொன்று இரத்தசோகை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயது ஆண் பிள்ளைகளில் 31 சதவீதம். “புத்தகத்த எடுத்தாலே தூங்குறா”, “ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது” என்று நாம் சோம்பலாக எண்ணும் பலவற்றுக்குப் பின்னால் இதுதான் இருக்கிறது. ஓர் எளிய இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் குமட்டலுக்குப் பயந்து எறிந்துவிடுகிறார்கள். சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும். மலம் கறுப்பாகப் போகும், அதில் பயமில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மாத்திரையோடும் கீரைச் சாப்பாட்டோடும் டீ, காபி வேண்டாம். இரும்புச்சத்து உடலில் சேர்வதை அவை தடுக்கும். எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய் உதவும்.

பேச்சு வரும் நேரம்

“இன்னிக்கு ஸ்கூல் எப்படி இருந்துச்சு?” என்பதற்கு உலகத்துப் பிள்ளைகள் எல்லாரும் சொல்லும் பதில் “நல்லா இருந்துச்சு.” கேள்வி சிறியதாக, குறிப்பாக இருந்தால் பதில் நீளும். “பி.டி. பீரியட் கிடைச்சுதா, மேத்ஸ் சார் எடுத்துக்கிட்டாரா?” என்று கேளுங்கள். அந்த ஒன்றிலேயே பத்து நிமிடம் பேசுவார்கள்.

பதின்மூன்று வயதுக்கு மேல், நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசுவது விசாரணை போலாகிவிடுகிறது. பையன்கள் பேசுவது வண்டியின் பின்சீட்டில். பெண்கள் பேசுவது கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது, தலை பின்னிக்கொள்ளும்போது. முகம் பார்க்க வேண்டியதில்லை என்ற நிம்மதியில் வார்த்தை வெளியே வருகிறது. ஆகையால் ட்யூஷனுக்குக் கொண்டுவிடும் அந்தப் பத்து நிமிடத்தில் போன் பேசிக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள்.

பேசத் தொடங்கியபின் நாம் சொல்லும் முதல் வாக்கியம் முக்கியம். மகள் சொல்கிறாள்: “சயின்ஸ் மிஸ் எல்லார் முன்னாடியும் என்னத் திட்டிட்டாங்கம்மா.” “நீ என்ன பண்ணித் தொலைச்ச?” என்று கேட்டால் கதை அங்கேயே முடிந்தது. “மிஸ் திட்டினா உன் நல்லதுக்குத்தான்” என்றாலும் முடிந்ததே. “எல்லார் முன்னாடியுமா?” என்று மட்டும் கேளுங்கள். அவள் மீதியைச் சொல்வாள். பாதியில் தன் தப்பையும் தானே சொல்வாள். அறிவுரை சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் மறுநாள் சொல்லுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டாம். பள்ளியில் அடி, சாதியைச் சொல்லியோ உடம்பைச் சொல்லியோ கேவலப்படுத்துவது, வேண்டாத தொடுகை என்று காதில் விழுந்தால் “கண்டுக்காதே” என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். மாணவரை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. முதலில் பிள்ளையை நம்புங்கள். சொன்னது நல்லது என்று சொல்லுங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதிவைத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போங்கள். அங்கே தட்டிக்கழித்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. பாலியல் சீண்டலாக இருந்தால் பள்ளியின் பதிலுக்குக் காத்திருக்காமல் நேராக அந்த எண்ணையோ காவல்துறையையோ நாடுங்கள்.

படிப்பு: புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்

நம் வீடுகளில் படிப்பு என்றால் சத்தம் கேட்க வேண்டும். ஒரே பத்தியைப் பத்து முறை உரக்க வாசித்தால் “நல்லா படிக்கிறான்” என்று திருப்திப்படுகிறோம். பத்தாவது முறை வாசிக்கும்போது சரளமாக வருகிறது. அதைத் தெரிந்துவிட்டதாகப் பிள்ளையும் நம்புகிறது. தேர்வறையில் பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, வரி வரவில்லை.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. மாணவர்கள் ஒரு பகுதியை மறுபடி வாசித்தார்கள். இன்னொரு பகுதியை ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்த பகுதியே சற்று அதிகம் நினைவிலிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அதில் 42 சதவீதம்தான் நினைவிருந்தது; பார்க்காமல் எழுதிப் பார்த்த பகுதியில் 56 சதவீதம். நம் பிள்ளைகளின் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை.

எனவே வீட்டில் செய்ய வேண்டியது இது. ஒரு பக்கத்தை நிதானமாக ஒரு தடவை, கூடினால் இரண்டு தடவை படிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடட்டும். ரஃப் நோட்டில் நினைவுக்கு வந்ததை எழுதட்டும், தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. திறந்து பார்த்து, விட்டுப்போனதை வேறு மையில் எழுதட்டும். மறுநாள் அதே கேள்விக்குப் பார்க்காமல் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை. தேர்வுக்கு முந்தின இரவு மூன்று மணி நேரம் படிப்பதைவிட, அதே மூன்று மணி நேரத்தை இப்படிப் பிரித்தால் பாடம் அதிக நாள் தங்கும். தொடக்கத்தில் பிள்ளைக்கு இது பிடிக்காது. வாசிப்பது சுகம், நினைவுபடுத்துவது கஷ்டம். கஷ்டமாக இருப்பதால்தான் பதிகிறது என்பதைப் பிள்ளைக்கும் விளக்குங்கள்.

“எனக்கே ஒன்றும் தெரியாதே, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?” என்று கேட்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் நான் சொல்வது: நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள். அடுப்படியில் நின்றபடியே, “அது என்னன்னு எனக்குச் சொல்லு பாப்போம்” என்று கேட்கலாம். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஒளிச்சேர்க்கைக்கு இலக்கணம் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் பெண், “அப்போ வெயில் இல்லாத ராத்திரில செடி என்ன பண்ணும்?” என்று கேட்டதும் நின்றுவிடுவாள். நிற்கும் இடம்தான் தெரியாத இடம். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது, சுவாசம் மட்டும் நடக்கும் என்று அவளே வந்து சொல்லுவாள். பள்ளிக்கூடமே போகாத அம்மாவும் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். படித்த பெற்றோர் பலர் இடையில் புகுந்து விடையைச் சொல்லிவிடுகிறார்கள். அதனால் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பலன் போய்விடுகிறது.

கணக்குக்கும் இதே வழிதான். எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்த்துத் தலையாட்டுவது படிப்பாகாது. விடையைத் தாளால் மூடிக்கொண்டு போடட்டும். முட்டினால் ஒரு வரி மட்டும் திறந்து பார்க்கட்டும்.

இடம், நேரம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தனி அறை அவசியமில்லை. ஒற்றை அறை வீட்டில் படித்து முன்னுக்கு வந்த பிள்ளைகள் ஏராளம். ஆனால் ஒரு மணி நேரமாவது டி.வி. அணைந்திருக்க வேண்டும். பாட்டியின் சீரியல் எட்டு மணிக்கென்றால் ஏழிலிருந்து எட்டு வரை என்று அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். அவருக்கும் அதில் பொறுப்பு வந்துவிடும். நாற்பது நிமிடம் படிப்பு, பத்து நிமிடம் எழுந்து நடப்பது என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒத்துவருகிறது.

ட்யூஷன் பற்றி ஒரே ஒரு அளவுகோல். அங்கிருந்து வந்தபின் பிள்ளைக்குத் தானாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் படிக்க நேரமும் தெம்பும் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால் ஒரு பாடத்தையாவது நிறுத்துங்கள். சொந்தமாக நினைவுபடுத்தாத பாடம் எத்தனை பேர் நடத்தினாலும் நிற்காது.

எவ்வளவு முயன்றும் ஏறவில்லை என்றால் பிள்ளையைக் குறைசொல்லும் முன் இரண்டைச் சோதியுங்கள். கரும்பலகையிலிருந்து எழுதி வருவதில் தப்பு அதிகமிருந்தால் கண். வாயால் கேட்டால் எல்லாம் சொல்லி, எழுதவும் வாசிக்கவும் மட்டும் திணறினால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். இதில் அறிவுக்குறைவு எதுவும் இல்லை. உரிய மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் ஆறு, ஏழிலேயே பார்த்துவிடுவது நல்லது.

தூக்கத்தில் கைவைக்காதீர்கள்

ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணி நேரம், பதின்மூன்று முதல் பதினெட்டு வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம். தூக்க மருத்துவர்கள் சொல்லும் அளவு இது. நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது கிடைக்கிறது என்று ஒவ்வொரு வீடும் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

நாலு மணிக்கு எழுந்து படித்தால் மனதில் நிற்கும் என்பது நம் ஊரில் தலைமுறைகளாக இருக்கும் நம்பிக்கை. எட்டு மணிக்கு ஊர் அடங்கிய காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. இன்று ட்யூஷன் முடிந்து வரவே எட்டரை ஆகிறது. சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்துப் படுக்கும்போது பதினொன்று. அந்தப் பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால் கிடைத்தது ஐந்து மணி நேரம். பருவ வயதில் உடம்பின் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கத்தை வரவைக்கும் மெலடோனின் அவர்களுக்குத் தாமதமாகவே சுரக்கிறது. இரவில் கண் மூடாமல் காலையில் எழ மறுப்பது அந்த வயதின் இயல்பு. பகலில் படித்ததை மூளை அடுக்கி நிலைப்படுத்துவதும் தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டி எடுத்த நேரத்தில் படிக்கும் படிப்பு, முந்தின நாள் படித்ததையும் சேர்த்து அழிக்கிறது.

விடிகாலையில் படித்துப் பழகிய பிள்ளையானால் தொடரட்டும். ஒன்பது மணிக்குப் படுக்க வழி செய்துகொடுங்கள், போதும். மாலை ஆறுக்குமேல் டீ, காபி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடத் தூங்கினால் திட்டாதீர்கள்; மதியம் வரை நீள விட்டால் அன்று இரவு தூக்கம் வராது.

கைபேசி

பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஹோம்வொர்க் வரும் காலத்தில் போனை முழுக்க விலக்கச் சொல்வது நடக்கிற காரியமில்லை. இரவு ஒன்பதரைக்கு வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும் என்று வையுங்கள். அப்பாவின் போனும் அங்கேதான். அது நடக்காத வீட்டில் பிள்ளைக்கு மட்டும் போடும் விதி ஒரு வாரம் தாண்டாது.

இதைவிட முக்கியமான ஒன்றை இப்போதே, எதுவும் நடக்காதபோதே சொல்லிவையுங்கள்: “போன்ல யாராச்சும் மிரட்டினாலோ, போட்டோ கேட்டாலோ, நீயே தெரியாம அனுப்பியிருந்தாலோ, முதல்ல எங்ககிட்ட வா. போனப் புடுங்க மாட்டோம், அடிக்க மாட்டோம்.” மிரட்டலில் சிக்கும் பிள்ளைகள் மாதக்கணக்கில் மறைப்பது மிரட்டுபவனுக்குப் பயந்து மட்டுமன்று, வீட்டுக்குப் பயந்தும்தான். மிரட்டுபவனின் பலமே அந்தப் பயம். பிள்ளை வந்து சொன்னால் பணம் எதுவும் அனுப்பாதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். முன்பு கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

விடைத்தாள் வந்த நாள்

ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும் நேரத்தில் பல வீடுகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கும் பேச்சில் வந்துவிடுகிறது. அதை விட்டுவிட்டு விடைத்தாளைக் கேளுங்கள். சாப்பாடு முடிந்தபின் இருவரும் உட்கார்ந்து, போன மார்க்கை நான்காகப் பிரியுங்கள்: தெரியாமல் போனது, தெரிந்தும் தவறியது, நேரம் போதாமல் விட்டது, கேள்வியைச் சரியாகப் படிக்காமல் போனது. நான்குக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் “இன்னும் நல்லா படி” என்று சொன்னால் பிள்ளைக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

பத்தாம் வகுப்புக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மார்க்கில் ஒரு மார்க் கேள்விகள் பதினான்கு. கடைசியில் எட்டு மார்க் கேள்விகள் இரண்டு, ஜியோமெட்ரி ஒன்று, கிராஃப் ஒன்று. இந்த இரண்டையும் கடைசிக்குத் தள்ளி, மணி அடிக்கும்போது அரைகுறையாக விட்டுவரும் பிள்ளைகள் பலர். அந்தப் பதினாறு மார்க்கை முதல் அரை மணி நேரத்தில் முடிக்கப் பழக்கினால், அறிவு கூடாமலே மார்க் கூடும். கணக்கென்றாலே நடுங்கும் பிள்ளைக்கும் இதில் நல்ல செய்தி உண்டு. புக் பேக்கில் உள்ள ஒரு மார்க் கேள்விகள், ஜியோமெட்ரி, கிராஃப் ஆகிய மூன்றையும் தினமும் அரை மணி நேரம் போட்டுப் பழகினால் முப்பது மார்க்குக்கு வழி தெரிகிறது. தேர்ச்சிக்குத் தேவை 35. மீதி ஐந்துக்கு இரண்டு மார்க் கேள்விகள் மூன்று. இப்படிக் கண்ணுக்குத் தெரியும் கணக்காகப் போட்டுக் காட்டும்போது, “எனக்கு மேத்ஸ் வராது” என்று முடங்கிய பிள்ளை பென்சிலைக் கையில் எடுக்கும்.

பொதுத்தேர்வு முடிவு வரும் வாரம்

முடிவு வருமுன்பே வீட்டில் சிலவற்றைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். யார் பார்ப்பது, உறவினர் போன் வந்தால் யார் எடுப்பது, என்ன சொல்வது. “இன்னும் பாக்கலைங்க, அப்புறம் கூப்பிடுறேன்” என்ற ஒரு வாக்கியம் எல்லாருக்கும் போதும். மாமாவும் சித்தப்பாவும் பிள்ளையிடம் நேரடியாக மார்க் கேட்கும் நிலை வரக்கூடாது. பிள்ளையை அன்று தனியாக விடாதீர்கள். நல்ல மார்க் வாங்கும் பிள்ளையையும்தான். 580 எதிர்பார்த்து 540 வாங்கிய பிள்ளையின் இடிவு சிலசமயம் தோற்ற பிள்ளையின் துயரத்தைவிட ஆழமாக இருக்கும். அந்த வாரத்தில் மாத்திரைகளும் வயலுக்கு வாங்கிவைத்த மருந்துகளும் பூட்டுக்குள் இருக்கட்டும்.

அந்த வாரம் என்றில்லை, எந்த மாதத்திலும், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் மாறியிருந்தால், ஆசையாகச் செய்துவந்ததை விட்டுவிட்டால், “நான் இல்லாட்டா உங்களுக்கு நிம்மதிதானே” என்பது போன்ற பேச்சு வந்தால், அதை நாடகம் என்று ஒதுக்காதீர்கள். “செத்துப்போயிடலாம்னு தோணுதா கண்ணு?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. தனியாகச் சுமந்ததைச் சொல்ல ஒரு வாசல் கிடைக்கிறது. “ஆமா” என்றால் கூடவே இருந்துகொண்டு 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும் இயங்கும். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மறுநாளே அழைத்துப் போங்கள்.

ஒரு பாடத்திலோ இரண்டிலோ தோற்றிருந்தால் அன்றைக்கே பிள்ளைக்குத் தெரிய வேண்டிய செய்தி, துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வருகிறது, ஆண்டு வீணாகாது என்பது. மார்க்கில் சந்தேகமிருந்தால் விடைத்தாள் நகலும் மறுகூட்டலும் கேட்கலாம். இரண்டுக்குமே விண்ணப்பிக்கும் நாட்கள் குறைவு. முடிவு வந்த மறுநாள் காலை நீங்கள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பிள்ளையோடு பள்ளி அலுவலகத்துக்குப் போய்த் தேதிகளைக் கேட்டு எழுதி வாருங்கள். போகும் வழியில் வண்டியில் அவன் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், பேசாவிட்டால் விட்டுவிடுங்கள்.